ஆன்டிவைரஸுக்குப் பணம் கட்டலாமா? மூன்று இடங்களில் போட்ட கணக்கு

என் மைத்துனன் திண்டுக்கல்லில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறந்து கடையில் நிற்க இடமில்லாத நாளாகப் பார்த்து, அவனுடைய கணினித் திரையின் கீழ் மூலையில் சிவப்புப் பெட்டி ஒன்று எழும்பும். பாதுகாப்பு இன்னும் ஏழு நாளில் முடிகிறதாம், உடனே புதுப்பிக்க வேண்டுமாம். அவன் மூடுவான். பத்து நிமிடம் கழித்து மறுபடி வரும். அந்த வாரக் கடைசியில் எனக்குப் போன் வரும்: "அத்தான், இந்த வருடமும் கட்டத்தான் வேண்டுமா? விண்டோஸோடு சும்மா வருவதே போதும் என்கிறார்களே."

நான்கு ஆண்டுகளாக யோசிக்காமல் "கட்டிவிடு" என்றே சொல்லிவந்தேன். வரி ஆலோசகர் அலுவலகம் ஒன்றில் கணக்கு எழுதுகிறவன் நான். கணினி படித்தவன் இல்லை. ஆனால் எந்த வயரை எங்கே செருக வேண்டும் என்று தெரிந்த ஒருவன் குடும்பத்தில் இருந்துவிட்டால், எல்லாருடைய கணினியும் அவன் தலையில்தான் வந்து விழும். அப்படி என் பொறுப்பில் இருப்பவை மைத்துனன் கடையில் இரண்டு, எங்கள் அலுவலகத்தில் ஆறு, என் வீட்டில் ஒரு மடிக்கணினி. இந்த ஆண்டு காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்று இடத்துக்கும் மூன்று விதமான விடை வந்தது.

சும்மா கிடைப்பதை முதலில் பார்த்துவிடலாம். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் மைக்ரோசாஃப்டின் டிஃபெண்டர் கூடவே வருகிறது. வேறு ஆன்டிவைரஸ் போடாதவரை அது காவலுக்கு நிற்கும். வேறொன்றைப் போட்டால் ஒதுங்கிக்கொள்ளும். "அதெல்லாம் சும்மா பேருக்கு" என்று கணினிக் கடைக்காரர்கள் இன்னமும் சொல்வதற்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. 2012இல் விண்டோஸ் 8உடன் முழு ஆன்டிவைரஸாக வந்த புதிதில் அது நோஞ்சானாகத்தான் இருந்தது. ஜெர்மனியில் உள்ள ஏவி-டெஸ்ட் ஆய்வுக்கூடம், மைக்ரோசாஃப்டின் இலவசக் காவலுக்குப் பாதுகாப்புப் பிரிவில் ஆறுக்குப் பூஜ்யம் போட்ட காலம் அது. இன்று அதே கூடத்தில் டிஃபெண்டர் ஆறுக்கு ஆறு வாங்குவது வழக்கமாகிவிட்டது. மதிப்பெண் ஏறியது, கெட்ட பெயர் மட்டும் இறங்கவில்லை.

குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. சந்தேகமான கோப்பைப் பார்த்தால் மைக்ரோசாஃப்டின் சர்வரிடம் கேட்டுத் தீர்மானிப்பது டிஃபெண்டரின் வழக்கம். ஆஸ்திரியாவின் ஏவி-கம்பாரட்டிவ்ஸ் ஆய்வுக்கூடம் இணையம் இருக்கும்போதும் இல்லாதபோதும் தனித்தனியாகச் சோதிக்கிறது. இணைய வயரைப் பிடுங்கிவிட்டால் டிஃபெண்டர் பிடிக்கும் அளவு கண்ணில் படும்படி குறைகிறது. போலி இணையதளங்களைப் பற்றிய அதன் எச்சரிக்கையும் எட்ஜ் உலாவியில்தான் முழுமையாக வேலை செய்யும். குரோமில் அந்தக் காவலைக் கூகுளே பார்த்துக்கொள்கிறது. வீட்டில் எந்நேரமும் வைஃபை ஓடுகிறவருக்கு இவை பெரிய குறைகள் இல்லை. பென் டிரைவில் பிழைப்பு நடத்துகிற கடைக்கு முதல் குறை பெரியது. அங்கே பிறகு வருகிறேன்.

நடுவில் ஒரு வழி இருக்கிறது: வேறு நிறுவனங்கள் தரும் இலவச ஆன்டிவைரஸ். இருக்கும் மூன்று வழிகளில் எனக்கு ஆகவே ஆகாதது இதுதான். வைரஸ் பிடிக்கும் எந்திரம் இலவசப் பதிப்பிலும் விலைப் பதிப்பிலும் பெரும்பாலும் ஒன்றேதான், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காசு வாங்காத நிறுவனம் வேறு எங்கோ காசு பார்த்தாக வேண்டும். அவாஸ்ட் பார்த்த வழியை அமெரிக்க அரசின் வணிக ஆணையமே அம்பலப்படுத்தியது. உலாவி நீட்சிகள் வழியாகவும் ஆன்டிவைரஸ் வழியாகவும் மக்கள் எந்தெந்தத் தளங்களுக்குப் போனார்கள் என்ற விவரத்தைத் திரட்டி, ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் மூலம் 2014 முதல் 2020 வரை விற்றது என்பது குற்றச்சாட்டு. 2024 பிப்ரவரியில் 1.65 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டு அந்த விவகாரத்தை முடித்துக்கொண்டது. வேவு பார்க்கிறவர்களிடமிருந்து காப்பாற்றுகிறேன் என்று வீட்டுக்குள் வந்தவரே வேவு பார்த்த கதை. சரி, வேறு பெயருக்கு மாறலாம் என்றால் அங்கேயும் வேடிக்கை: நார்ட்டன், அவாஸ்ட், ஏவிஜி, அவிரா என்று பெயர் நான்கு, முதலாளி ஜென் டிஜிட்டல் என்ற ஒரே நிறுவனம்.

அடுத்தது காசு கொடுத்து வாங்குவது. நம் ஊர்க் கடை அலமாரிகளில் அதிகம் கண்ணில் படுபவை இரண்டு. ஒன்று புனேயின் குவிக் ஹீல். மற்றொன்று கே7, 1991இல் சென்னையில் தொடங்கியது. நம்மூர்ச் சரக்கு என்று கே7 மீது எனக்கு ஒரு சாய்வு உண்டு, அதை மறைக்கவில்லை. ஆனால் பிராண்டுகளுக்குள் சண்டை மூட்டுவது இந்தக் கட்டுரையின் வேலை இல்லை. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. வைரஸ் தடுப்பு, போலி வங்கித் தளத்தைத் தடுப்பது, பிள்ளைகளுக்கான கட்டுப்பாடு, கடவுச்சொல் பெட்டகம், இணையத் தொடர்பை மறைத்து அனுப்பும் விபிஎன், கணினியை வேகமாக்கும் கருவி என்று பட்டியல் நீளும். பிள்ளைகளுக்கான கட்டுப்பாட்டை மைக்ரோசாஃப்ட் இலவசமாகவே தருகிறது. கடவுச்சொல் பெட்டகத்துக்கு பிட்வார்டன் இலவசமாகக் கிடைக்கிறது. விபிஎன் பெரும்பாலும் நாளைக்கு இத்தனை எம்பி என்று அளந்து ஊற்றப்படும் மாதிரிச் சரக்கு. வேகமாக்கும் கருவியைப் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம்.

அந்தப் பெட்டியின் உண்மையான மதிப்பு அதில் அச்சிடாத ஒன்றில் இருக்கிறது என்பதை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். 700 ரூபாய் கொடுத்து வாங்கும்போது விற்ற கடைப் பையனின் போன் நம்பரும் கூடவே வருகிறது. "அண்ணே, கம்ப்யூட்டர் திறக்கவே மாட்டேன் என்கிறது" என்றால் சாயங்காலம் வண்டியில் வந்து பார்ப்பான். பென் டிரைவில் தன் கருவிகளையும் கொண்டுவருவான். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனியாக வசிக்கும் பெரியவர்களுக்கு நான் இன்றும் காசு கொடுத்தே வாங்கச் சொல்வது இதற்காகத்தான். பெட்டியில் அச்சிட்ட விலையைப் பார்த்து யாரும் மிரள வேண்டாம். கடையில் அதில் பாதிக்கே தருகிறார்கள். வேடிக்கை என்னவென்றால், திரையில் எழும்பும் சிவப்புப் பெட்டியை அழுத்திப் புதுப்பித்தால் கிட்டத்தட்ட முழு விலையைக் கேட்கும். கடைக்குப் போய்ப் புதுப் பெட்டி வாங்கினால் பாதி. பழைய வாடிக்கையாளருக்குக் கிடைக்கும் மரியாதை அவ்வளவுதான்.

எங்கள் அலுவலகத்துக்கு வருகிறேன். 2020 டிசம்பர். மாதாந்திர ஜிஎஸ்டி தாக்கலுக்கு மூன்று நாள் இருந்தது. காலையில் கணக்கு எழுதும் மென்பொருளான டாலியைத் திறந்தால் நிறுவனங்களின் பட்டியல் காலி. கோப்புறைக்குள் போய்ப் பார்த்தால் எல்லாக் கோப்புகளின் பெயருக்குப் பின்னாலும் நான்கெழுத்து வால் ஒன்று முளைத்திருந்தது. ஒவ்வொரு கோப்புறையிலும் 'ரீட்மீ' என்று ஒரு குறிப்பு. உங்கள் கோப்புகளைப் பூட்டிவிட்டோம், சாவி வேண்டுமானால் 980 டாலர், 72 மணி நேரத்துக்குள் தொடர்புகொண்டால் பாதி விலையாக 490 டாலர் என்று தள்ளுபடி அறிவிப்பு வேறு. ஆடித் தள்ளுபடி மாதிரி. எனக்கு அந்த நேரத்தில் சிரிப்பு வரவில்லை.

விசாரித்தபோது தெரிந்தது. முந்தின நாள் மாலை, புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் படங்களைத் திருத்தும் மென்பொருளைத் திருட்டுப் பதிப்பாக இறக்கியிருக்கிறான். அதோடு வந்த குறிப்பில் முதல் வரியே 'ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டு நிறுவவும்' என்பது. நிறுத்தினான், நிறுவினான். அந்தக் கணினியில் இருந்தது காசு கொடுத்து வாங்கிய, இன்னும் ஐந்து மாதம் செல்லுபடியாகும் ஆன்டிவைரஸ். எங்களிடம் மாட்டியது, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்களில் ஸ்டாப் என்றும் டிஜேவியு என்றும் சொல்லப்படும் ரகம். திருட்டு மென்பொருள் வழியாகப் பரவுவதுதான் அதன் பிழைப்பு. நியூசிலாந்தின் எம்சிசாஃப்ட் நிறுவனம் 2019 அக்டோபரில் இதற்கு இலவச மீட்புக் கருவி வெளியிட்டிருந்தது. அன்றிருந்த 148 வகைகளுக்கு அது கைகொடுத்தது. எங்களுக்கு வந்தது அதற்குப் பின் பிறந்த வகை. பூட்டும் நேரத்தில் கணினி இணையத்தில் இருந்ததால், சாவி எங்களுக்கென்றே தனியாகச் செய்யப்பட்டிருந்தது. கருவி கையை விரித்தது.

எங்களைக் காப்பாற்றியது ஆடிட்டர் சாரின் வீட்டு பீரோ. ஒரு மாதத்துக்கு முன் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் எல்லாவற்றையும் நகலெடுத்து வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தார். நவம்பர் பாதியிலிருந்து டிசம்பர் பாதி வரை உள்ள ரசீதுகளை இரண்டு இரவு உட்கார்ந்து நானும் இன்னும் இருவரும் மறுபடி அடித்தோம். அன்று அந்த டிஸ்கின் விலை ஆறு கணினிக்கு ஓர் ஆண்டு கட்டிய ஆன்டிவைரஸ் பணத்தைவிடக் கொஞ்சம் குறைவு. இரண்டில் எது சம்பாதித்துக் கொடுத்தது என்று அன்றைக்கே கணக்குப் பார்த்திருக்க வேண்டும்; இத்தனை வருடம் கழித்துத்தான் பார்க்கிறேன்.

அதற்குப் பிறகு அலுவலகத்தில் செய்த மாற்றம் பைசாச் செலவில்லாதது. ஆறு கணினிகளிலும் ஊழியர்களின் கணக்கை நிர்வாகி உரிமை இல்லாத சாதாரணக் கணக்காக மாற்றினோம். மென்பொருள் நிறுவவும் டிஃபெண்டரை நிறுத்தவும் இப்போது நிர்வாகிக் கடவுச்சொல் வேண்டும். அது ஆடிட்டரிடமும் என்னிடமும் மட்டும். இப்படிச் செய்தபின் காசு கொடுத்து வாங்கியே தீர வேண்டும் என்ற கட்டாயம் பாதி குறைந்துவிட்டது. ஆனாலும் அலுவலகத்துக்குக் கட்டலாம் என்றே முடிவெடுத்தேன். நிறுவனங்களுக்கான பதிப்பில் ஆறு கணினிகளின் நிலையும் ஒரே திரையில் தெரியும். யாருடைய கணினி மூன்று வாரமாகப் புதுப்பிக்கப்படவில்லை, யார் எந்தப் பென் டிரைவைச் செருகினார்கள் என்று என் நாற்காலியிலிருந்தே பார்க்கலாம். பென் டிரைவையே தடுக்கவும் முடியும். மற்றவர்களின் பான் எண்ணும் வங்கி விவரமும் நிரம்பிய இடத்தில் அந்தப் பார்வைக்கு விலை உண்டு. விலை கொடுத்தால் வம்பே வராது என்று நினைக்க வேண்டாம். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற விலை உயர்ந்த பாதுகாப்பு மென்பொருளின் ஒரே ஒரு தவறான புதுப்பிப்பு, உலகம் முழுதும் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத் திரையில் நிறுத்தியது. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். வைரஸ் எதுவும் இல்லாமலே வந்த முடக்கம் அது.

இனி ஜெராக்ஸ் கடை. இப்போதெல்லாம் பாதிப் பேர் வாட்ஸ்அப்பில் அனுப்பி அச்செடுத்துக்கொள்கிறார்கள். ஆனாலும் கல்லூரிப் பிராஜெக்ட் காலத்தில் பென் டிரைவ்கள் வரிசையில் நிற்கும். போன மார்ச்சில் ஒரு மாணவி ஆய்வேட்டை அச்செடுத்துக்கொண்டு போனவள் மறுநாள் காலை அழுதுகொண்டே வந்தாள். பென் டிரைவில் கோப்புறைகள் எல்லாம் இருக்கின்றன. ஒவ்வொன்றின் ஓரத்திலும் சின்ன அம்புக்குறி. அளவு இரண்டு கேபி. நானூறு பக்க ஆய்வேடு இரண்டு கேபியில் எப்படி இருக்கும்? நம் ஊரில் ஷார்ட்கட் வைரஸ் என்று சொல்கிறோமே, அதுதான். உண்மையான கோப்புறைகளை மறைத்துவிட்டு, அதே பெயரில் போலிகளை வைத்துவிடும். போலியைச் சொடுக்கினால் கோப்புறையும் திறக்கும், வைரஸும் அந்தக் கணினிக்குள் இறங்கும். அவளுடைய கோப்புகள் அழியவில்லை, மறைந்துதான் இருந்தன; ஆட்ரிப் என்ற ஒரு வரிக் கட்டளையில் வெளியே வந்துவிட்டன. ஆனால் அவள் அந்தப் பென் டிரைவை நடுவில் தன் துறையின் கணினியிலும் செருகியிருந்தாள். வைரஸ் எங்கிருந்து எங்கே போனது என்று யார் சொல்ல முடியும்? துறையில் எல்லாரும் கடையைத்தான் சொன்னார்கள். ஒரு வாரம் அந்தக் கல்லூரியிலிருந்து ஆள் வரவில்லை.

வீட்டுக் கணினிக்கு வைரஸ் வந்தால் வீட்டோடு போகும். ஜெராக்ஸ் கடைக் கணினிக்கு வந்தால் பஸ் நிலையத்துச் சளி மாதிரி ஊர் முழுக்கப் போகும். அதோடு, அந்தத் தெருவில் இணையம் வாரத்துக்கு இரண்டு நாள் படுத்துவிடும்; டிஃபெண்டர் தடுமாறுவதும் அப்போதுதான். ஆகவே முன்மேசைக் கணினிக்குப் பணம் கட்டுவது என்று முடிவானது. செருகிய உடனே பென் டிரைவைச் சோதித்துவிட்டுத்தான் திறக்கவிடும் வசதி அந்தப் பெட்டியில் இருக்கிறது. அந்த ஒரு வேலைக்கே 700 ரூபாய் தகும். உள் அறைக் கணினியில் தேர்வு விண்ணப்பங்களும் கடைக் கணக்கும் மட்டும்தான். அதில் வெளியார் பென் டிரைவ் செருகப்படாது என்று மைத்துனன் சத்தியம் செய்திருக்கிறான். அதற்கு டிஃபெண்டர் போதும்.

என் வீட்டு மடிக்கணினிக்கு எட்டு வயது. விண்டோஸ் 11 ஏறாது என்று கைவிரித்துவிட்ட ரகம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. அந்த வாரத்தில் நண்பர் ஒருவர், "நல்ல ஆன்டிவைரஸாக ஒன்று வாங்கிப் போட்டுவிட்டால் பழைய விண்டோஸே ஓடும்" என்றார். 2017ஐ அவர் மறந்துவிட்டார். இதே போல் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை உலகத்தைத் தாக்கியது அந்த ஆண்டு மே 12 அன்று. அது நுழைந்த ஓட்டையை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே அடைத்துப் புதுப்பிப்பு வெளியிட்டிருந்தது. இரண்டு மாதம் புதுப்பிக்காமல் இருந்தவர்கள்தான் அகப்பட்டார்கள். கூரை ஒழுகும் வீட்டுக்கு விலை உயர்ந்த பூட்டு வாங்கி என்ன செய்வது? வீட்டுக் கணினிகளுக்கு மைக்ரோசாஃப்ட் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகளை நீட்டித்தது. 30 டாலர் கட்டலாம். அல்லது அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கச் சம்மதித்துவிட்டுச் சும்மாவே வாங்கிக்கொள்ளலாம். நான் சும்மா வாங்கிக்கொண்டேன். கூடவே டிஃபெண்டரில் 'கண்ட்ரோல்டு ஃபோல்டர் அக்சஸ்' என்ற வசதியை இயக்கினேன். முன்பின் தெரியாத நிரல் எதுவும் ஆவணக் கோப்புறைகளில் கைவைக்க முடியாதபடி தடுக்கும் அது, நாமாக இயக்காதவரை தூங்கிக்கொண்டிருக்கும். முதல் வாரம் எரிச்சலாக இருக்கும். படங்களைத் திருத்தும் நிரலைக்கூடத் தடுத்துவிட்டு என்னைக் கேட்டது. ஒவ்வொன்றாக அனுமதி கொடுத்தபின் அடங்கிவிட்டது.

பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற தலைமையாசிரியரின் கதையைச் சொல்லாமல் விடக் கூடாது. அவருக்குத் தினமும் 'உங்கள் கணினியில் ஐந்து வைரஸ்கள்' என்று மூலையில் எச்சரிக்கை வரும். பிரபல ஆன்டிவைரஸின் சின்னமும் இருக்கும். பயந்துபோய் இரண்டு முறை கட்டிவிட்டார். போய்ப் பார்த்தேன். அந்த ஆன்டிவைரஸ் அவர் கணினியில் இல்லவே இல்லை. ஏதோ ஜாதகத் தளம் அறிவிப்பு அனுப்ப அனுமதி கேட்டிருக்கிறது, இவரும் 'அனுமதி'யை அழுத்தியிருக்கிறார். குரோம் அமைப்புகளில் அறிவிப்புகள் என்ற பக்கத்தில் அந்தத் தளத்தை நீக்கியதும் ஐந்து வைரஸும் ஓடிவிட்டன. கட்டிய பணம் போனது போனதுதான். வங்கிக்குச் சொல்லி அட்டையை மட்டும் மாற்றிக்கொண்டார். இப்படிப் பணம் போனது அன்றைக்கே தெரிந்தால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குப் போன் செய்ய வேண்டும். தாமதிக்கத் தாமதிக்க மீட்கும் வாய்ப்பு குறையும். போலீஸ் வேடத்தில் வீடியோ அழைப்பில் மிரட்டுகிறவனையும், வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று, போனில் செயலியை நிறுவும் ஏபிகே கோப்பு அனுப்புகிறவனையும் கணினியில் போட்ட எந்தப் பெட்டியும் தடுக்காது.

வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது இன்னும் ஒன்று. இணையத்தில் வாங்கினால் முதலாண்டுத் தள்ளுபடிக்குப் பின்னால் தானியங்கிப் புதுப்பிப்பு ஒளிந்திருக்கும். இரண்டாம் ஆண்டு முழு விலை எடுப்பார்கள். ரிசர்வ் வங்கியின் விதிப்படி பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பாவது தகவல் வர வேண்டும். அந்தக் குறுஞ்செய்தியை யார் படிக்கிறார்கள்? வாங்கிய அன்றே நிறுத்திவிடுவது நல்லது. பெட்டியாக வாங்குவதில் இந்தத் தொல்லை இல்லை.

கடைசிக் கணக்கு இப்படி வந்தது. மைத்துனன் போன ஆண்டு இரண்டு கணினிக்கும் சேர்த்து 1,400 கட்டினான். இந்த ஆண்டு ஒன்றுக்கு 700. மிச்சம் 700ஐ வெளி ஹார்ட் டிஸ்குக்கு ஒதுக்கினோம். பற்றாததை நான் போட்டேன். "இதற்கும் வருடா வருடம் கட்ட வேண்டுமா அத்தான்?" என்று கேட்டான். வேண்டாம் என்றேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நகலெடுக்கிறான். எடுத்து முடித்ததும் வயரைக் கழற்றி, டிஸ்கை டிபன் கேரியர் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோகிறான். முதல் ஞாயிறு கழற்ற மறந்துவிட்டான். ராத்திரி பத்து மணிக்குக் கடையைத் திறந்து எடுத்துவர வைத்தேன்.